குளிர்நாட்டுக்குப் போன பிள்ளை எந்த நோட்டில் எழுதுவது?

செப்டம்பரில் பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்டு வருகிறவர்கள் நவம்பர் நடுவில் என்னைத் தேட ஆரம்பிக்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு மேற்படிப்புக்குப் போய், ஒரு குளிர்காலத்தைக் கட்டிலிலேயே கழித்துவிட்டு எழுந்து வந்தவள் நான் என்பது எங்கள் வட்டாரத்தில் ரகசியமில்லை. இந்த ஆண்டு ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்டார்கள்.

பக்கத்து ஊரான பிறையிலிருந்து ஒரு தாய்: "தங்கச்சி, மகள் லீட்ஸில் இருக்கிறாள். மனம் சரியில்லை என்றதற்கு யாரோ நாட்குறிப்பு எழுதச் சொன்னார்களாம். மூன்று விதமான நோட்டு வாங்கி வைத்துக்கொண்டு எதிலும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாள்." டப்ளினில் மருத்துவம் படிக்கும் ஒரு பையன்: "அக்கா, நன்றி சொல்லி எழுது என்கிறார்கள். எழுதினால் எரிச்சல்தான் வருகிறது. நான் நன்றி கெட்டவனா?" மூன்றாவது, பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கை விட்டு எங்கும் போகாத என் தோழி. குளிரே தெரியாத ஊரில் ஆண்டு இறுதி வந்தால் மனம் ஏன் ஈரத்துணியாகக் கனக்கிறது, அதற்கும் எழுதலாமா என்று கேட்டாள்.

"எழுது, மனம் லேசாகும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. தலைவலி என்றவனிடம் "ஏதாவது மாத்திரை போடு" என்பதைப் போன்ற யோசனை அது. எழுத்தில் பல வகை இருக்கின்றன. ஒன்று சிலருக்கு மருந்து; அதுவே வேறு சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். கொட்டித் தீர்க்கும் நாட்குறிப்பு, நன்றிப் பட்டியல், நாளைய வேலைப் பட்டியல், அன்றாடக் கணக்கு என்று நான்கு வகையையும் எழுதிப் பார்த்தவள் என்பதால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறேன்.

## முதலில் வெளிச்சம்

பினாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் நாற்பது நிமிடத்தைத் தொடாது. கோலாலம்பூரில் அதுவும் இல்லை, இருபது நிமிடச் சொச்சம்தான். கிளாஸ்கோவில் ஜூன் மாதம் பதினேழரை மணி நேரம் நீளும் பகல், டிசம்பரில் ஏழு மணி நேரமாகச் சுருங்கிவிடும். சூரியன் காலை எட்டே முக்காலுக்கு எழுந்து மாலை மூன்றே முக்காலுக்குப் போய்விடும். அந்த ஏழு மணி நேரத்திலும் பெரும்பாலான நாள் மேகம்தான்.

இந்த இருட்டோடு வரும் சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடைய சகாக்களும் 1984இல் பருவகால மனச்சோர்வு என்று பெயரிட்டு விவரித்தார்கள். சாதாரண மனச்சோர்வில் பலருக்குத் தூக்கமும் பசியும் போய்விடும். இதில் பெரும்பாலும் நேர்மாறு: எவ்வளவு தூங்கினாலும் போதாது, சோறும் ரொட்டியும் இனிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும், உடம்பு கனக்கும். நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இதற்கு மருத்துவர்கள் சொல்லும் ஒளிப்பெட்டி 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும். காலையில் அரை மணி நேரம் அதன் எதிரே உட்கார வேண்டும். கண் நோய் உள்ளவர்களும், மனம் எல்லை மீறி உயர்ந்தும் தாழ்ந்தும் போகும் இருதுருவ நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

சோர்வின் வேர் வெளிச்சத்தில் இருக்கும்போது காகிதம் மட்டும் அதை முழுதாகத் தீர்த்துவிடாது. ஆகவே எந்த நோட்டையும் நான் கேட்கும் பெரிய கேள்வி, இது என்னை வாசற்கதவுப் பக்கம் தள்ளுகிறதா, கட்டிலோடு கட்டிப்போடுகிறதா என்பதுதான்.

மற்ற அளவுகோல்கள் அதற்குப் பிறகு. மிக மோசமான நாளில், பல் துலக்கவே தெம்பில்லாத நாளில், அதைத் தொடங்க முடியுமா? ஒரே எண்ணத்தை மாடு போல அசைபோடும் பழக்கத்தை அது தணிக்குமா, கிளறிவிடுமா? ஒருநாள் மருத்துவர் முன்னால் உட்கார நேர்ந்தால் அதைக் காட்டிப் பேச முடியுமா? பிறர் கையில் சிக்கினால் என்ன ஆகும்?

## கொட்டித் தீர்க்கும் நாட்குறிப்பு

நாட்குறிப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது இதுதான்: இரவு, மேசை விளக்கு, மனதில் இருப்பதையெல்லாம் தாளில் இறக்கி வைப்பது. இதற்கு ஆய்வு அடிப்படையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 46 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்து 1986இல் வெளியிட்ட ஆய்வு அது. தினம் பதினைந்து நிமிடம், தொடர்ந்து நான்கு நாள். மனதைக் காயப்படுத்திய நிகழ்ச்சியையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் உடல்நலக் கோளாறுக்காக மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் முன்னைவிடக் கலங்கியிருந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. இந்த இரண்டாவது செய்தியை யாரும் சொல்வதில்லை.

நான்கு நாள் என்பதையும் சொல்வதில்லை. நான் எழுதியது எழுபது நாள். நவம்பர் 12இல் தொடங்கி ஜனவரி மூன்றாம் வாரம்வரை, நள்ளிரவுக்குப் பிறகு, போர்வைக்குள். பின்னாளில் ஊருக்கு வந்து அந்த நோட்டைப் புரட்டியபோது ஒரே பக்கத்தை எழுபது முறை எழுதியிருந்தது தெரிந்தது. "ஏன் வந்தேன்" என்ற இரண்டு சொற்களை மட்டும் எண்ணிப் பார்த்தேன், 31 முறை. முதல் வாரத்தில் அது அழுகை. பத்தாவது வாரத்தில் பழக்கம். ஒவ்வோர் இரவும் புண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். காய்வதற்கு அது எங்கே நேரம் பெறும்?

இது என் ஒருத்தியின் பலவீனம் மட்டுமல்ல. அண்மையில் மணவாழ்க்கை முறிந்தவர்களை எழுத வைத்து 2013இல் வெளியான டேவிட் ஸ்பாராவின் ஆய்வில், "ஏன் இப்படி ஆனது" என்று காரணத்தையே துருவிக்கொண்டிருக்கும் சுபாவமுள்ளவர்களுக்கு உணர்வை எழுதுவது மீட்சியைத் தாமதப்படுத்தியது. வெறுமனே அன்றாட வேலைகளை எழுதியவர்கள் அவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. எழுதி முடிக்க ஒரு மணி நேரம், அதன்பின் தூக்கம் வர ஒரு மணி நேரம். அதனால் மறுநாள் தாமதமாக விழிப்பு, இருக்கிற ஏழு மணி நேர வெளிச்சத்தில் பாதி போய்விடும். கூட இருப்பவர்கள் படித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

அப்படியானால் யாருக்கு இது நல்லது? குறிப்பிட்ட ஒரு சம்பவம் நெஞ்சில் சிக்கியிருப்பவருக்கு. ஊரில் பாட்டி இறந்து, டிக்கெட் கிடைக்காமல், காரியத்தை வாட்ஸ்அப் திரையில் பார்த்தவர் இருக்கிறார் பாருங்கள், அவருக்கு. பகலில் எழுத வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு மணி அடிக்க வைத்து எழுத வேண்டும், நான்கு நாளோடு நிறுத்த வேண்டும். எழுதியதைக் கிழித்துப் போட்டாலும் குறையில்லை. எழுதும்போது தலை சுற்றுகிற மாதிரி, மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் அந்த விஷயத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போய்விடலாம். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

## நன்றிப் பட்டியல்

ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லவும் 2003இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது இது. அவர்களுடைய முதல் சோதனையில் வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து விஷயம்வரை, பத்து வாரம். எரிச்சல்களைப் பட்டியலிட்டவர்களைவிட நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டவர்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாக உணர்ந்தார்கள். சோன்யா லியுபோமிர்ஸ்கியின் ஆய்வில், வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது. தினமும் மூன்று எழுது என்று அச்சடித்து விற்கும் அழகான நோட்டுகள் இதைக் கண்டுகொள்வதில்லை. மனச்சோர்வுக்கு இது எவ்வளவு உதவுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து 2021இல் பார்த்தபோது பலன் சிறியதுதான் என்று தெரிந்தது.

டப்ளின் பையனுக்கு வந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது. நம் வீடுகளில் நன்றி என்பது ஒரு கடன் பத்திரம். அப்பா ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து அனுப்பியிருக்கிறார், அம்மா சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். "உனக்கு என்ன குறைச்சல்?" என்ற குரலைக் கேட்டே வளர்ந்தவன், இருட்டான அறையில் உட்கார்ந்து "என் பெற்றோருக்கு நன்றி" என்று எழுதினால் அவன் காதில் விழுவது அந்தக் குரல்தான். எழுத எழுதக் குற்ற உணர்வு ஏறும். இதுதான் இதன் மறைமுக விலை.

சோர்வு வருவதற்கு முன்பு, அக்டோபரில், தெம்பாக இருக்கும்போது தொடங்குகிறவருக்கு இது பொருந்தும். மிகச் சிறியதை, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால் இன்னும் நல்லது. "பஸ் ஓட்டுநர் எனக்காகக் கதவை மறுபடியும் திறந்தார்" என்று எழுதலாம். பெற்றோரைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.

## நாளைய வேலைப் பட்டியல்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம், நாளை செய்ய வேண்டியதை எழுதுவது. 2018இல் மைக்கேல் ஸ்கலின் தூக்க ஆய்வகத்தில் 57 பேரை வைத்துப் பார்த்ததில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட வரப்போகும் வேலைகளை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். கட்டுரை, வாடகை, விசா என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுகிறவருக்கு நல்லது. ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் தூங்குகிறவருக்கு இது எதற்கு?

## 555 புத்தகம்

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப்பையில் அடங்கும், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், அட்டையில் அந்த மூன்று ஐந்துகள். மலாய்க்காரர்கள் புக்கு தீகா லீமா என்பார்கள். தோட்டத்து மளிகைக் கடையில் என் தாத்தாவின் பற்று வரவு அதில்தான் இருந்தது: தேதி, அரிசி, மண்ணெண்ணெய், பாக்கி. கடைக்காரர் தாத்தாவின் மனநிலையைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் எந்த மாதம் என்ன நடந்தது என்று அந்தக் கணக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

என் அப்பா பெட்டி கட்டும்போது ஒரு 555ஐ உள்ளே போட்டு, முதல் பக்கத்தில் உறவினர் தொலைபேசி எண்களை எழுதியிருந்தார். ஜனவரிக் கடைசியில் காலுறை தேடும்போது அது கையில் பட்டது. நாட்குறிப்பு அலுத்துப் போயிருந்தது. கணக்கு எழுதலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். தினமும் மாலை ஆறு மணிக்கு, ஐந்து விஷயம், மனதுக்குப் பத்தில் ஒரு எண்.

*ஜன 24. எழுந்தது 10.40. வெளிச்சம் இல்லை. நடை இல்லை. சாப்பாடு மேகி மீ. மனம் 3.*

*ஜன 25. எழுந்தது 11. வெளிச்சம் இல்லை. கடைவரை நடை. சாப்பாடு ரொட்டி. நேற்று இரவு அம்மாவிடம் பேசினேன். மனம் 3.*

*ஜன 27. எழுந்தது 8.15. கெல்வின் ஆற்றோரம் 25 நிமிடம், கையுறை மறந்துவிட்டேன். சாப்பாடு சோறு, மத்திச் சம்பல். மனம் 5.*

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பக்கங்களைப் புரட்டினேன். மதியத்துக்கு முன் வெளியே போன நாட்களில் எண் ஐந்துக்குக் குறையவில்லை. அதை நான் எதிர்பார்த்திருக்கலாம். எதிர்பார்க்காதது, அம்மாவிடம் பேசியதற்கு மறுநாள் எண் விழுந்ததுதான். பேச்சு இனிமையாகத்தான் இருந்தது. நாட்குறிப்பில் ஒவ்வொரு முறையும் "அம்மாவிடம் பேசினேன், நிம்மதி" என்று எழுதியிருக்கிறேன். கணக்கைப் பார்த்தால் வேறு கதை. குளிர்காலத்தில் பிரிட்டன் நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது. அம்மா காலையில் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்விட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்புவார், அப்போது அங்கே இரவு ஒரு மணி. அந்த அழைப்புக்காக விழித்திருந்து, பேசி, மனம் கிளர்ந்து, மூன்று மணிக்குத் தூங்கி, பதினொன்றுக்கு எழுந்து, கறுத்துக்கொண்டிருக்கும் வானத்தைப் பார்த்திருக்கிறேன். அழைப்பை அங்கே மதியம் பன்னிரண்டரைக்கு மாற்றினேன். பினாங்கில் அப்போது இரவு எட்டரை, அம்மா சாப்பாட்டை முடித்துவிட்டிருப்பார். எழுபது நாள் உணர்வை எழுதியும் கண்ணில் படாதது பதினான்கு நாள் கணக்கில் தெரிந்தது.

இப்படி அன்றாடச் செயலையும் மனநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது என் கண்டுபிடிப்பு இல்லை. மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இது பழைய கருவி. மனநிலை மாறட்டும், பிறகு செயல்படலாம் என்று காத்திராமல், செயலைத் திட்டமிட்டு நுழைப்பது அந்தச் சிகிச்சை. 1996இல் நீல் ஜேக்கப்சனின் குழு ஒப்பிட்டபோது, செயல்பாட்டை மட்டும் கூட்டிய சிகிச்சையும், எண்ணங்களையும் சேர்த்து ஆராயும் முழுச் சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. குளிர்காலச் சோர்வுக்கே உரிய ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் கெல்லி ரோஹன், ஒரு பிரிவினருக்கு ஒளிப்பெட்டியும் இன்னொரு பிரிவினருக்குச் சிந்தனை, செயல் இரண்டையும் பழக்கும் சிகிச்சையும் கொடுத்தார். இரண்டாவது குளிர்காலத்தில் சோர்வு திரும்பியது ஒளிப்பெட்டிக்காரர்களில் சுமார் 46 சதவீதம், மற்றவர்களில் சுமார் 27 சதவீதம். அது பயிற்சி பெற்றவர் நடத்திய சிகிச்சை. 555 புத்தகம் அதற்கு ஈடாகாது. ஆனால் அதன் வழி எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும்.

இதற்கும் விலை உண்டு. யூபிஎஸ்ஆர், எஸ்பிஎம் என்று பள்ளித் தேர்வு மதிப்பெண்ணிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு மன எண்ணும் மதிப்பெண்ணாகிவிடும். மூன்று வந்தால் தோற்றுவிட்டதாகத் தோன்றும். சிலர் பொய்யாக ஆறு போடுவார்கள். சராசரி எடுக்காதீர்கள், விட்டுப்போன நாளை நிரப்பாதீர்கள், வெற்றிடமும் ஒரு தகவல்தான். சாப்பாட்டோடு சண்டை போடுகிறவர்கள் சாப்பாட்டு வரியை எழுதவே வேண்டாம். பெரிய துக்கத்தில் இருப்பவருக்கும் இது போதாது. தாயை இழந்தவளிடம் "எழுந்தது 8.15" என்று எழுதச் சொல்வது கொடுமை.

## ஒரே பார்வையில்

| வகை | மோசமான நாளில் தொடங்க | அசைபோடலைக் கிளறுமா | வெளியே தள்ளுமா | மருத்துவரிடம் காட்ட |
|---|---|---|---|---|
| கொட்டித் தீர்த்தல் | கடினம் | இரவில் எழுதினால் ஆம் | இல்லை | தயக்கமாக இருக்கும் |
| நன்றிப் பட்டியல் | சுமார் | குற்ற உணர்வைக் கிளறலாம் | அரிதாக | பயனில்லை |
| நாளைய பட்டியல் | எளிது | தணிக்கும் | "நடை" என்று எழுதினால் | கொஞ்சம் |
| 555 கணக்கு | மிக எளிது | பெரும்பாலும் இல்லை | ஆம் | மிகவும் உதவும் |

ஒன்றை மட்டும் எடு என்றால் நான் கடைசி வரியைத்தான் எடுப்பேன். துக்கம் இருந்தால் அதோடு நான்கு பகல் கொட்டித் தீர்த்தலையும் சேர்த்துக்கொள்வேன். மூன்று நோட்டும் வேண்டும் என்கிற லீட்ஸ் பெண்ணுக்கு என் பதில்: இரண்டை ஊருக்குப் பார்சலில் அனுப்பிவிடு.

## தாளா, கைப்பேசியா, குரலா

கைப்பேசிச் செயலிகள் கணக்குக்கு வசதி, வரைபடமும் போட்டுக் காட்டும். ஆனால் குறித்துவிட்டு மூட நினைத்த கை அடுத்த செயலிக்குப் போய்விடும். இலவசம் என்று நான் தொடங்கிய ஒன்று ஒரு மாதத்துக்குப் பிறகு பழைய பக்கங்களைப் பார்க்கப் பணம் கேட்டது. குரல் பதிவு, விரல் விறைத்த நாளில் கைகொடுக்கும். ஆனால் திரும்பக் கேட்க யாருக்கும் மனம் வராது, என்னுடைய நாற்பதும் இன்னும் கேட்கப்படாமல்தான் இருக்கின்றன. தாள் தொலையும், நனையும், பிறர் கண்ணில் படும். 555 என்றால் அதைத் திறந்து பார்க்க யாருக்கும் ஆவல் எழாது, அது ஒரு சௌகரியம்.

மொழி இன்னும் சுவாரசியமான விஷயம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்று வந்த நமக்கு, உணர்வை எந்த மொழியில் எழுதுவது? நான் தமிழில் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே பள்ளிக் கட்டுரை வாடை வந்துவிட்டது. "மனித வாழ்க்கை இன்பமும் துன்பமும் கலந்தது" என்று எழுதிவிட்டுச் சிரித்தேன், அந்த மாதத்தின் ஒரே சிரிப்பு. ஆங்கிலத்தில் எழுதினால் யாருடைய துன்பத்தையோ எழுதுவது போல இருந்தது. ஒரு நன்மை மட்டும் உறுதி: வெளிநாட்டு அறையில் தமிழ் எழுத்து நல்ல பூட்டு. ஊருக்கு வந்ததும் அதே எழுத்து திறந்த கதவு. கணக்குக்கு இந்தப் பிரச்சினை இல்லை, மழைக்கு மலாய்ச் சொல்லைப் போட்டு "ஹுஜான், நடை இல்லை, மனம் 4" என்று கலந்தெழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்?

## பினாங்கை விட்டுப் போகாதவர்களுக்கு

ஜெலுத்தோங் தோழிக்கு நான் முதலில் சொன்னது, உனக்கு வந்திருப்பது குளிர்காலச் சோர்வாக இருக்க வாய்ப்பு குறைவு என்பது. நம் வானத்தில் வெளிச்சம் குறைவதில்லை. காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருப்பது கடிகாரத்தின் வேலை: 1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தியதிலிருந்து சூரியனைவிட நாம் வெகு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறோம். மழையையும் முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில்தான் கனத்த மழை; ஜனவரி, பிப்ரவரி காய்ந்த வெயில். கிழக்குக் கரையைப் புரட்டிப்போடும் வடகிழக்குப் பருவமழை இங்கே அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் ஆண்டு இறுதியில் அவளை அழுத்துவது எது? அவள் வாயாலேயே வந்தது: தீபாவளிக் கடன், கம்பெனியில் போனஸ் வருமா வராதா என்ற இழுபறி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, டிசம்பரில் வரும் அப்பாவின் திதி. இவளுக்கு வெளிச்சக் கணக்கு தேவையில்லை. பணக் கவலைக்கு நாளைய பட்டியல், அப்பாவுக்காக நான்கு பகல் கொட்டித் தீர்த்தல். மார்கழியில் விடியலுக்கு முன் குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போய்வருகிறாள். அந்த நடையையும் ஒரு 555இல் குறித்து வைக்கச் சொன்னேன், எவ்வளவு உதவுகிறது என்று தை பிறந்ததும் பார்க்கலாம்.

## நோட்டை மூடிவிட்டுப் போக வேண்டிய இடம்

இரண்டு வாரம் தொடர்ந்து எண் மூன்றுக்கு மேல் ஏறவில்லை, வகுப்புக்கோ வேலைக்கோ போக முடியவில்லை என்றால் அது எழுதித் தீர்க்கும் நிலையைத் தாண்டிவிட்டது. பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகள் விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். குடும்ப மருத்துவரைப் பார்க்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. நான் 555ஐக் கையோடு கொண்டுபோனேன். மருத்துவருக்கு இருந்தது பத்து நிமிடம். மனச்சோர்வை அளக்க அவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் கேட்கிறது: தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் உண்டா. அழுதுகொண்டே நினைவுபடுத்திச் சொல்ல வேண்டியதை அந்தப் பக்கங்கள் சொல்லிவிட்டன. வைட்டமின் டி பற்றியும் அங்கேதான் கேள்விப்பட்டேன். அக்டோபர் முதல் மார்ச் வரை அந்நாட்டு வெயிலில் நம் தோல் அதைப் போதுமான அளவு தயாரிக்காது. தினம் 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள், தெற்காசியர் ஆண்டு முழுவதுமே யோசிக்க வேண்டும் என்கிறார்கள்.

இங்கே மலேசியாவில் இருப்பவர்கள் அரசாங்க சுகாதார கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் நோட்டைத் தேடாதீர்கள், தொலைபேசியைத் தேடுங்கள்: சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இருபத்து நான்கு மணி நேரமும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சமாரிட்டன்ஸ் 116 123, கட்டணம் இல்லை. சொன்னால் போலீஸ் வருமோ என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

பிறைத் தாய் கடைசியாக ஒன்று கேட்டார்: "மகள் எழுதுவதை நான் படிக்கலாமா?" கூடாது அக்கா என்றேன். எண்ணை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் அவளுக்குச் சம்மதமென்றால். அவளும் சம்மதித்தாள். இப்போது தினமும் விடியும்போது லீட்ஸிலிருந்து ஒரு எண் வந்திருக்கும். நேற்று 4. தாய் பதிலுக்கு எதுவும் அறிவுரை சொல்லாமல், அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் இட்லியைப் படம் எடுத்து அனுப்புகிறார்.